குரலுக்கு அடிமையா, சொல்லுக்குத் தோழனா?

கொல்லிமலை என்றதும் சங்கப் பாடல் பயின்றோர் நெஞ்சில் இரண்டு நினைவுகள் எழும். ஒன்று, வல்வில் ஓரி. வன்பரணர் பாடிய வள்ளல். மற்றொன்று, கொல்லிப்பாவை. கண்டாரின் கண்ணைக் கவர்ந்து, கருத்தைக் கவர்ந்து, கால் பெயராமல் நிறுத்திவிடும் பேரழகுப் பாவை அது என்றனர் புலவர். தெய்வம் செய்தது என்றும் பாடினர். பாவை கற்பனையாக இருக்கலாம். ஆனால், அதன் முன் மயங்கி நின்ற மனிதன் கற்பனை அல்லன்! அவன் அன்றும் இருந்தான், இன்றும் இருக்கிறான். பாவைதான் மாறிவிட்டது. அன்று உருவம் மயக்கிற்று. இன்று குரல் மயக்குகிறது.

இதை நான் ஏட்டிலே படித்து எழுதவில்லை. கொல்லிமலையின் அடிவாரத்தில், ஆகாய கங்கையாய் வீழ்ந்த நீர் அய்யாறாய்த் தவழ்ந்துவரும் புளியஞ்சோலையிலே கண்டு எழுதுகிறேன். அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் ஆசிரியன் நான்.

எங்கள் பள்ளி ஆண்டு விழாவிலே ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மேடை ஏறினான். பராசக்தி படத்தின் வழக்குமன்றக் காட்சி. கலைந்த தலை, நிமிர்ந்த மார்பு, குற்றவாளிக் கூண்டாக ஒரு பழைய மேசை. பேசினான். பேசினானா? இல்லை, முழங்கினான்! ஏற்றமும் இறக்கமும், இடையிலே விடும் மூச்சும்கூட அப்படியே சிவாஜி கணேசன். தந்தையர் கைதட்டினர், இளைஞர் சீழ்க்கை அடித்தனர், நானும் மெய்மறந்தேன் என்பதை மறைப்பானேன்?

மறுநாள் வகுப்பிலே உரைநடைப் பாடம். அவனையே எழுப்பி, "ஒரு பத்தி படி, தம்பி" என்றேன். எழுந்தான், புத்தகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பின்பு கேட்டான்:

"எந்த நடிகர் குரலிலே படிக்கட்டும், ஐயா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உன் குரலிலே படி" என்றேன். படித்தான். முதல் நாள் இடியென முழங்கிய அதே நாக்கு, நான்கு வரியைக் கடக்க நான்கு இடத்தில் இடறிற்று. தொடர் எங்கே நிற்கிறது, எங்கே முடிகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறருடைய குரல் அவனிடம் ஏராளம் இருந்தது. தன் குரல் என்று ஒன்று மட்டும் இல்லை.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. ஒரு நடிகரின் குரலை நாம் ஏன் விரும்புகிறோம்? விரும்பும்போது எதைப் பெறுகிறோம்? எதை இழக்கிறோம்?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நானும் அந்தக் குரலின் சுவைஞன்தான். அதைப் பழிப்பது என் நோக்கமன்று. அந்த மாணவனின் பாட்டனார் என்னைவிடப் பெரிய சுவைஞர். எழுத்தறியாதவர், இளமையில் ஆடு மேய்த்தவர். அவர் சொன்னார்:

"படம் பார்க்கிறதுக்கு முந்தியே வசனம் எனக்கு மனப்பாடம், வாத்தியாரய்யா. ரேடியோவிலே ஒலிச்சித்திரம் போடுவாங்க. ஆட்டை ஓட்டிவிட்டுட்டு உட்கார்ந்து கேட்பேன். துறையூர்லே படம் பார்த்தது ரொம்ப நாள் கழிச்சுத்தான். காதாலே பார்த்த படந்தானே, கண்ணாலே பார்க்கப் புதுசா என்ன இருக்கு?"

காதாலே பார்த்த படம்! திறனாய்வாளர் பலர் பக்கம் பக்கமாக எழுதியும் தொடாத உண்மையை ஓர் ஆட்டிடையர் ஒரே தொடரில் சொல்லிவிட்டார். 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம், ஒலிபெருக்கி கட்டிய கல்யாண வீடு, வசனத் தட்டு சுழன்ற தேநீர்க் கடை இவையெல்லாம் எழுத்தறியாதவர்க்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த திண்ணைகள். புத்தகம் நுழையாத குடிசையிலும் அந்தக் குரல் நுழைந்தது. அதன் தோளில் ஏறிச் செந்தமிழ்ச் சொற்களும் நுழைந்தன. இந்த நன்மையை மறுப்பவன் நன்றி கெட்டவன்.

அந்தக் குரல் எப்படி உருவாயிற்று? வரம் என்பார் சிலர். பிறவிப் பேறு என்பார் சிலர். பகுத்தறிவாளர் வரத்தைத் தேடமாட்டார்; வழியைத் தேடுவார். 1928இல் பிறந்த கணேசன், திருச்சி சங்கிலியாண்டபுரத்திலே வளர்ந்து, சிறுவனாகவே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவிலே சேர்ந்தவர். சீதை வேடமும் போட்டவர். ஒலிபெருக்கியை நம்பி இராத நாடகக் கொட்டகையிலே, கடைசியில் தரையில் அமர்ந்திருப்பவன் காதுக்கும் சொல் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் அவன் எழுந்து கூச்சலிடுவான். அந்தக் கடைசி வரிசைக்காரன்தான் ஆசான்! பாய்ஸ் கம்பெனி நடிகர்களின் நாக்கைத் தீட்டியவன் அவனே. பிறகு அண்ணாவின் நாடகத்திலே மராட்டிய மன்னன் சிவாஜியாக வந்து, பெரியார் வாயால் 'சிவாஜி' என்னும் பெயர் பெற்றார் கணேசன். பயிற்சி, பசி, போட்டி, மேடை. இவை செய்த குரல் அது.

அந்தக் குரலுக்கு முன்னும் பாதை இருந்தது. 1942இல் வந்த கண்ணகியில் இளங்கோவன் எழுதிய உரையாடலைப் பி. கண்ணாம்பா பேசியபோதே, பாட்டுக்காகப் படம் பார்த்த மக்கள் பேச்சுக்காகவும் காதைத் தீட்டினர். 1949இல் அண்ணாவின் வேலைக்காரியிலே கே. ஆர். ராமசாமி பேசினார். பிறகுதான் 1952 அக்டோபர் 17, பராசக்தி. கலைஞர் கருணாநிதியின் எழுத்து, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம். பாட்டை முணுமுணுத்த வாய்கள் வசனத்தை முணுமுணுக்கத் தொடங்கின.

இனி, அந்தக் குரலின் தொழில்நுட்பத்தைப் பார்ப்போம். தமிழ்த் தொடரிலே வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வரும். யார், எங்கே, எதனால், எப்படி என்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே போய், என்ன செய்தான் என்பதை இறுதியில் சொல்வோம். ஆகவே நீண்ட தொடரைப் பேசுகிறவனுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. தொடக்கத்திலேயே மூச்சைச் செலவிட்டுவிட்டால் வினைமுற்று தேய்ந்துபோகும். கேட்பவன் எல்லாவற்றையும் கேட்டு, முடிவை மட்டும் கேளாமல் நிற்பான். மேடைப் பேச்சாளர் பலர் வீழும் குழி இதுதான்.

வழக்குமன்றக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு மீண்டும் கேளுங்கள். நடிகர் தொடக்கத்தில் முழங்கவில்லை, அளந்து பேசுகிறார். வல்லினத்தை அடித்து, மெல்லினத்தை இழைத்து, தொடர் பிரியும் இடத்தில் நின்று, மூச்சை மீதம் வைத்து, வினைமுற்றில் கொண்டுபோய்ப் பொருளை இறக்குகிறார். குற்றம் சாட்டும்போது குரல் ஏறுகிறது. தங்கையின் துயரைச் சொல்லும்போது தாழ்கிறது. அந்தத் தாழ்ச்சிதான் ஏற்றத்துக்கு வலிமை. குணசேகரன் அங்கே செய்வது வெறும் வாதம் அன்று, கதை சொல்கிறான். இரங்கூனிலிருந்து வந்து, பொருள் இழந்து, வேடம் பூண்டு, அலைந்த ஒரு வாழ்வைச் சொல்கிறான். அந்தக் கதையைக் கேட்டபின் குற்றவாளி யார் என்பதைக் கேட்பவனே முடிவு செய்யவேண்டியவனாகிறான். எடுத்துரைப்புக் கலையின் உச்சம் அது.

எங்கள் மாணவன் எதை எடுத்துக்கொண்டான்? ஏற்றத்தை மட்டும்! முதல் தொடரிலேயே மூச்சை எரித்துவிட்டு, வினைமுற்றுகளை விழுங்கினான். மக்கள் கைதட்டியது அவனுக்காக அன்று. நினைவிலிருந்த மூலக் குரலுக்காக. கரும்பின் சாற்றை விட்டுச் சக்கையைச் சுமந்தான், பாவம்.

அவனை மட்டும் குறை சொல்லலாமா? இந்தப் பாடத்தை அவனுக்கு நாம்தாம் கற்பித்தோம். 1957இல் சேலத்திலே மேடையேறி, 1959இல் திரைக்கு வந்த வீரபாண்டிய கட்டபொம்மனை எண்ணிப் பாருங்கள். ஜாக்சன் துரை முன் நிற்கும் பாளையக்காரனுக்கு அந்த முழக்கம் தகும். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழா, சிறந்த நடிகர் என்னும் பரிசை அவருக்கு வழங்கியதும் தகும். இரண்டே ஆண்டில், 1961இல், அதே பந்துலு இயக்கத்தில் அதே நடிகர் கப்பலோட்டிய தமிழனாக வந்தார். சிறை மீண்டு வந்து, வரவேற்க ஆளின்றி நிற்கும் வ. உ. சி.யை அடங்கிய குரலிலே, பாதி மௌனத்திலே காட்டினார். முழங்கத் தெரிந்தவன் அடங்கிப் பேசுவது எளிதன்று. ஆனால், கட்டபொம்மன் கண்ட வசூலை வ. உ. சி. காணவில்லை. முழக்கத்துக்குக் காசு கொடுத்தோம், மௌனத்தைக் கைவிட்டோம். அதன்பின் சில படங்களிலே சின்னச் செய்திக்கும் பெரிய முழக்கம் எழுந்ததென்றால், குற்றம் நடிகருக்கு மட்டும் உரியதா? கைதட்டிய கைகளிலும் பங்கு உண்டு. சுவைஞன் கேட்டதைத்தான் கலைஞன் கொடுப்பான். ஆகவே சுவைஞனுக்குப் பொறுப்பு உண்டு!

இன்னொரு குற்றமும் உண்டு. குரலைத் தொழுகிறவன் சொல்லைச் செய்தவனை மறந்துவிடுகிறான். கட்டபொம்மன் வசனத்தை ஒரு மூச்சில் ஒப்பிக்கும் இளைஞர்களைக் கேளுங்கள், அதை எழுதியவர் யார் என்று. சக்தி கிருஷ்ணசாமி என்று விடை சொல்வோர் எத்தனை பேர்? சிலவேளை குரலுக்கு உரியவரையே மறந்துவிடுகிறோம். 1964இல் வந்த கர்ணனில் கண்ணனாகத் தோன்றிய என். டி. ராமராவ் தமிழில் பேசியது கே. வி. சீனிவாசனின் குரலில். முகத்துக்கு மாலை விழுந்தது; குரலுக்கு உரியவர் இருட்டிலே நின்றார். அறிந்து சுவைப்பது ஒன்று; ஆள் பார்த்து விழுவது வேறு.

ஒரே குரலைத் தொழுகிறவனுக்கு மற்றக் குரல்கள் கேளாமல் போவதும் ஓர் இழப்பே. 1954ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மனோகராவில் சங்கிலியால் கட்டுண்ட சிவாஜி கணேசன் செந்தமிழில் சீறினார். அதே ஆண்டு இரத்தக்கண்ணீரில் எம். ஆர். ராதா பேசினார். திருவாரூர் தங்கராசு எழுதிய சொற்களை அவர் இழுத்தார், உடைத்தார், கரகரத்தார், கீச்சிட்டார். ஒரே தொடரின் நடுவிலே இரண்டு மனிதரானார். அழகான குரலா அது? இல்லை. ஆனால் பொய்மையின் முகத்திரையைக் கிழிக்க அதைவிடக் கூரிய கத்தி ஏது? அழகிய குரலில் சொன்னால் எதையும் நம்பிவிடும் காதுக்கு ராதாவின் குரல் மருந்து. இனிமைக்கும் உண்மைக்கும் முடிச்சுப் போடாதே என்று அது நம்மை எச்சரிக்கும்.

இனி, எடுத்துரைப்புக்கு வருவோம். பாத்திரமாகப் பேசுவது வேறு. கதையைச் சொல்வது வேறு. பாத்திரமாகப் பேசுபவன் நம் கண்முன் நிற்கவேண்டும். கதை சொல்பவனோ சற்று விலகி நின்று, கதையை நம் கண்முன் நிறுத்தவேண்டும். இந்தக் கலை நமக்குப் புதிதா? கொங்கு நாட்டு ஊர்களிலே உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை சொல்லும் கலைஞரைப் பாருங்கள். பொன்னராகவும் சங்கராகவும் பேசும்போது ஒரு குரல். கதையை நகர்த்தும்போது வேறு குரல். இரவெல்லாம் சொல்லவேண்டியவர் முதல் நாழிகையிலேயே தொண்டையைக் கிழித்துக்கொள்வாரா?

2022இல் வெளிவந்த பொன்னியின் செல்வன் முதற் பாகத்திலே கமல்ஹாசனின் குரல் கதைக்கு முன்னுரை சொன்னது. எத்தனையோ வேடங்களுக்கு எத்தனையோ குரல் கொடுத்தவர் அவர். அங்கே எந்த வேடமும் இல்லை. காலத்தையும் களத்தையும் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கும் அடக்கம் மட்டுமே. எடுத்துரைப்பவனுக்கு அந்த அடக்கந்தான் அணி.

கடல் கடந்தும் ஒரு சான்று காட்டுகிறேன். வேல்ஸ் நாட்டிலே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு 1925இல் பிறந்த மகன், ரிச்சர்டு ஜென்கின்ஸ். தாய்மொழி வெல்ஷ். பிலிப் பர்ட்டன் என்னும் பள்ளி ஆசிரியர் அவனைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மலைமேல் அழைத்துப் போவார். ஷேக்ஸ்பியரின் வரிகளைச் சொல்லச் சொல்வார். தாம் மெல்ல மெல்ல விலகிச் செல்வார். எவ்வளவு தொலைவு போனாலும் சொல் தெளிவாகக் கேட்கவேண்டும். ஆனால் பையன் கத்தக்கூடாது. இதுவே பயிற்சி. அந்த ஆசிரியரின் குடும்பப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட அந்த மாணவன்தான் உலகறிந்த நடிகர் ரிச்சர்டு பர்ட்டன். 1954 சனவரியில் பி.பி.சி. வானொலி, டைலன் தாமசின் 'அண்டர் மில்க் வுட்' என்னும் நாடகத்தை ஒலிபரப்பியபோது கதையை எடுத்துரைத்த குரல் அவருடையது. காட்சி இல்லை, உடை இல்லை, ஒளி இல்லை. ஒரு சிற்றூர் முழுவதும் குரலிலே எழுந்து நின்றது.

மலையும் ஆசிரியனும் மாணவனும்! படித்தபோது என் உள்ளம் துள்ளியது. எங்களுக்கு மலை இல்லையா?

தோழர்களே, நமக்கு அருகிலேயே இன்னொரு சான்றும் உண்டு. அதை நாமே மறந்துவிட்டோம். ஏடுகள் வந்த நாளிலே, தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும், படித்தவர் ஒருவர் உரக்கப் படிப்பார். படிக்காதவர் பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்பர். படித்தவர் நடிகர் அல்லர். நெசவாளியாக இருப்பார், தையல்காரராக இருப்பார். அவர் குரலிலே கவர்ச்சி இல்லை. ஆனால், ஒவ்வொரு சொல்லும் கேட்பவன் நெஞ்சில் போய் உட்காரவேண்டும் என்னும் கவலை இருந்தது. திரையிலே முழங்கிய குரலுக்குக் காது கொடுக்கும் மக்களை அந்தக் கவர்ச்சியற்ற குரல்கள்தாம் முன்னமே பழக்கிவைத்தன. அவர்களுக்கு யாரும் மாலை போடவில்லை. எடுத்துரைப்புக் கலையின் பெயரில்லாத் தொண்டர்கள் அவர்களே!

பாட்டனார் சொன்னதை முழுதும் சொல்லவில்லை நான். ஒலிச்சித்திரக் கதையைச் சொல்லி முடித்தவர், சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"பேரன் பராசக்தி பேசுறான், கேட்கப் பெருமையாத்தான் இருக்கு. ஆனா வீட்டுக்கு ஒரு கடுதாசி வந்தா, படிச்சுச் சொல்லுடான்னா முழிக்கிறான். நான் யார்கிட்டே போய்க் கேட்கிறது, வாத்தியாரய்யா?"

சுருக்கென்று தைத்தது. குணசேகரன் கூண்டிலே நின்று பேசியது எதற்காக? பேச வாயற்றவர்களுக்காக. அவனுடைய பேச்சை அச்சு மாறாமல் ஒப்பிக்கும் பிள்ளை, தன் வீட்டிலே எழுத்தறியாத ஒருவருக்கு ஒரு கடிதத்தைப் படித்துச் சொல்ல முடியவில்லை என்றால், அந்தக் குரலிலிருந்து அவன் பெற்றது என்ன? கொல்லிப்பாவையின் முன் நின்றவன் பெற்றதுதான். மயக்கம்!

மறுவாரம் அவனை அய்யாற்றங்கரைக்கு அழைத்துச் சென்றேன். விடுமுறை நாள் அன்று. நீராட வருவோர் கூட்டம் இல்லை. பாறைமேல் அவனை நிறுத்தி, பாடநூலைக் கையில் கொடுத்தேன். "சிவாஜி வேண்டாம், கமல் வேண்டாம். அதோ அந்த மரத்தடியில் நான் நிற்கிறேன். எனக்கு விளங்கும்படி நீ படி. கத்தாதே. ஒவ்வொரு தொடரும் எந்த வினையில் முடிகிறதென்று முதலில் பார். அதுவரை மூச்சை வைத்திரு" என்றேன். ஓடும் நீரின் ஓசை அவன் குரலை விழுங்கிற்று. கத்தினான், கைகாட்டித் தடுத்தேன். மீண்டும் தொடங்கினான். நின்றான்; மூச்செடுத்தான்; சொல்லைப் பிரித்தான். நாலைந்து நாள் போனபின் மரத்தடியில் நின்ற எனக்கு முதன்முறையாக ஒரு தொடர் முழுதாக வந்து சேர்ந்தது. சற்றுக் கட்டைக் குரல்; கொஞ்சம் நடுக்கம்; யாருடைய சாயலும் இல்லை. அவனுடைய குரல்!

நான் பர்ட்டனை உருவாக்கிவிட்டதாகச் சொல்லவில்லை. அவன் இன்னும் இடறுகிறான். ஆனால் அண்மையில் அவன் வீட்டுப் பக்கம் போனபோது, திண்ணையிலே பாட்டனார் அமர்ந்திருந்தார். பேரன் ஒரு கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தான். விளங்காத இடத்தில் பெரியவர் கைகாட்டி நிறுத்தினார். அவன் மீண்டும் படித்தான். யாரும் கைதட்டவில்லை. நான் வழியிலே நின்று கேட்டேன். ஆண்டு விழாவில் கேட்டதைவிட அது எனக்கு இனித்தது.

தோழர்களே! நடிகரைச் சுவையுங்கள். நல்ல குரலைக் கேட்டு நெஞ்சு நிமிருங்கள். ஆனால் கேட்டபின் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் சொல்லை எழுதியவர் யார்? இந்தக் குரல் பொருளை ஏந்தி வருகிறதா, பொருளை மூடி வருகிறதா? இதைக் கேட்டதனால் என் வாய் திறந்ததா, அடைத்ததா? உங்கள் ஊர்ப் படிப்பகத்திலே கிழமைக்கு ஒரு மாலை, இளையோர் ஒருவர் எழுந்து ஒரு கட்டுரையையோ கதையையோ உரக்கப் படிக்கட்டும்; எழுத்தறியாத பெரியவர்களும் வந்து கேட்கட்டும். விளங்கவில்லை என்று அவர்கள் சொன்னால் மீண்டும் படிக்கட்டும். அன்று நாடகக் கொட்டகையில் கணேசனுக்கு ஆசானாக இருந்த அந்தக் கடைசி வரிசைக்காரன், இன்றும் நம் ஊர்த் திண்ணைகளில் காத்திருக்கிறான். அவன் காதுக்குப் போய்ச் சேரும்படி பேசப் பழகிய குரல் யாருக்கும் அடிமையாகாது.